எலி மாதிரி: சிறுபொழுது, பெரும்பொழுது, கிட்டங்கி

1

திருவொற்றியூர்ப் பக்கம் கடலோரக் குடியிருப்பு ஒன்றைக் காலி செய்யப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். கணக்கெடுப்பில் விடுபட்டுப்போன குடும்பங்களைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கப் போனவர்களோடு நானும் போயிருந்தேன். ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பம் இருக்கிறது என்று ஒரு அக்கா சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "எலி மாதிரி பெத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்க." யாரும் பதில் பேசவில்லை. மனுவில் முத்திரை குத்தினார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அந்த அக்கா கேட்டார்: "எலிய இவரு எங்க பாத்தாராம்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அந்த வசை ஒரு விலங்கியலை முன்வைக்கிறது. எலி கணக்கில்லாமல் பெறும், பருவமில்லாமல் பெறும், நாளையைப் பற்றிய யோசனை இல்லாமல் பெறும் என்பதுதான் அது. ஏழைகளின் உடலும் அப்படியே என்பது அதன் முடிவு. முடிவை மறுக்க நம்மிடம் போதுமான அரசியல் இருக்கிறது. ஆனால் அதன் முதல் வாக்கியத்தை, எலியைப் பற்றிய வாக்கியத்தை, நாமும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம். "நாங்கள் எலிகள் அல்ல" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். நான் தமிழ் படித்தவன், விலங்கியல் படித்தவனில்லை. இருந்தாலும் எலி என்னதான் செய்கிறது என்று தேடிப் படித்தபோது, முதல் வாக்கியமே பொய் என்று தெரிந்தது. அந்தப் பொய்க்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

2

நம் இலக்கண மரபு பொழுதை இரண்டாகப் பகுக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் ஆகியவை பெரும்பொழுது. ஒரு நாளுக்குள் வரும் மாலை, யாமம், வைகறை முதலியவை சிறுபொழுது. சிறு பாலூட்டிகளின் இனப்பெருக்கம் பற்றி இருபதாம் நூற்றாண்டு கண்டுபிடித்ததை இந்தச் சொற்களிலேயே சொல்லிவிடலாம்: அவற்றின் உடல் சிறுபொழுதை அளந்து பெரும்பொழுதைத் தெரிந்துகொள்கிறது.

இந்தக் கதை விலங்கில் தொடங்கவில்லை, புகையிலையில் தொடங்கியது. 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு புகையிலை வகை பூப்பதைத் தீர்மானிப்பது பகலின் நீளம் என்று காட்டினார்கள். அதே பத்தாண்டில் கனடாவில் வில்லியம் ரோவன், உறைபனிக் காலத்தில் குருவிகளைத் திறந்தவெளிக் கூண்டில் வைத்து, மின்விளக்கால் பகலை நீட்டினார். கடுங்குளிரிலும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. 1932இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் பேக்கரும் ரான்சனும் வோல் எனப்படும் குட்டைவால் வயலெலியை எடுத்துக்கொண்டார்கள். நாளைக்கு 15 மணி நேரமாக இருந்த வெளிச்சத்தை 9 மணியாகக் குறைத்ததும் குட்டி போடுவது ஏறக்குறைய நின்றுபோனது.

பிறகு ஹாம்ஸ்டர் வந்தது. 1930இல் சிரியாவின் அலெப்போ அருகே தோண்டி எடுக்கப்பட்ட ஒரே ஒரு வளையின் வாரிசுகள்தாம் உலகத்து ஆய்வுக்கூடங்களில் இருக்கும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே. பகல் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் ஆண் ஹாம்ஸ்டரின் விரை சில வாரங்களில் சுருங்கிவிடும். இதைவிட வியப்பானது அடுத்து நடப்பது. இருட்டிலேயே வைத்திருந்தாலும் சுமார் ஐந்து மாதம் கழித்து அது தானாக மீண்டும் வளர்ந்துவிடும். வளைக்குள் உறங்கும் விலங்கு வெளியே வசந்தம் வருவதற்கு முன்பே தயாராகிவிடுகிறது.

எப்படி அளக்கிறது? தாவரங்களை ஆராய்ந்துகொண்டிருந்த எர்வின் ப்யூனிங் 1936இலேயே ஒரு யோசனை சொன்னார்: உயிரினத்துக்குள் ஒரு நாள்-கடிகாரம் ஓடுகிறது; அதன் குறிப்பிட்ட கட்டத்தில் வெளிச்சம் விழுகிறதா இல்லையா என்பதை வைத்து அது பருவத்தை அறிகிறது. பாலூட்டிகளில் இது உடலுக்குள் நடக்கும் வழி பின்னால் தெளிவானது. கண்ணில் விழும் வெளிச்சம் மூளையின் அடியில் இருக்கும் சிறிய நரம்பணுத் திரள் ஒன்றுக்குப் போகிறது. அங்கிருந்து பீனியல் சுரப்பிக்குச் செய்தி போகிறது. அந்தச் சுரப்பி இரவில் மட்டும் மெலடோனினைச் சுரக்கிறது. 1958இல் ஆரோன் லெர்னர் குழு பிரித்தெடுத்த பொருள் அது. இரவு நீண்டால் சுரப்பும் நீளும். அந்த நீளத்தைப் படித்துத்தான் மூளை இனப்பெருக்க இயக்குநீர்களைத் திறக்கவோ மூடவோ செய்கிறது. 1965இல் ஹாஃப்மன், ரைட்டர் இருவரும் பீனியல் சுரப்பியை அகற்றிய ஹாம்ஸ்டர்களை இருளில் வைத்தார்கள். அவற்றின் விரை சுருங்கவில்லை. கடிதம் எழுதுகிறவர் இல்லாமல்போனால் செய்தி வராது அல்லவா, அதுபோல.

ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. பன்னிரண்டு மணிப் பகல் மார்ச்சிலும் வரும், செப்டம்பரிலும் வரும். ஒன்று ஏறுமுகம், மற்றது இறங்குமுகம். அப்போதுதான் பிறந்த குட்டிக்கு எது எது என்று எப்படித் தெரியும்? 1984இல் தெரேசா ஹார்ட்டன் மலைவாழ் வோல்களில் இதற்கு விடை கண்டார். தாயின் வயிற்றில் இருக்கும்போது அவள் கண்ட பகல் நீளத்தைப் பொறுத்து, பிறந்தபின் ஒரே அளவு வெளிச்சத்தில் வளரும் குட்டிகள் வேறுவேறு விதமாக வளர்ந்தன. தாயின் மெலடோனின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகிறது என்பதை வேறு ஹாம்ஸ்டர் வகைகளில் செய்த ஆய்வுகள் காட்டின. தாய் தான் வாழ்ந்த பருவத்தைப் பிறக்கப்போகிற குட்டிக்குச் சொல்லிவிடுகிறாள். அந்தக் குட்டி வெறும் உடலாக வருவதில்லை, ஒரு கடந்த காலத்தோடு வருகிறது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எலிக்கு முன்யோசனை இல்லை என்பவருக்கு இதுவே முதல் பதில்.

3

வோல் ஆய்வைச் செய்த ஜான் பேக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விஞ்ஞானம் எந்த நிலத்திலிருந்து பேசுகிறது என்பது நமக்கு எப்போதும் முக்கியமான கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டில் கோடையில் பகல் பதினாறரை மணி நேரம், குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் குறைவு. அங்கே பருவத்தைக் காட்ட வெளிச்சத்தைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. அப்படியானால் பகல் அதிகம் மாறாத வெப்பமண்டலத்தில்? பருவமே இல்லை, எல்லாம் எப்போதும் முளைத்துக்கொண்டும் பெருகிக்கொண்டும் இருக்கும் என்பது காலனியப் பயண நூல்கள் வளர்த்த பழைய சித்திரம். கட்டுப்பாடற்ற நிலம், கட்டுப்பாடற்ற உயிர்கள் என்ற சொல்லாடலின் இயற்கைப் பின்னணி இது.

பேக்கரே இதைச் சோதிக்க 1930களில் பசிபிக்கில் இருந்த நியூ ஹெப்ரிடிஸ் தீவுகளுக்குப் போனார். வருடம் முழுக்க வெப்பமும் ஈரமும் பெரிதாக மாறாத காடு அது. அங்கிருந்த ஒரு சிறிய பூச்சியுண்ணி வௌவால் இனத்தில் பெண்கள் எல்லாம் வருடத்தின் ஒரே சமயத்தில் சினைப்பட்டன. பருவமில்லாத இடத்திலும் உடல் பருவம் பார்த்தது. அவருடைய தரவே பழைய சித்திரத்தை உடைத்தது.

அதே பேக்கர்தான் 1940இல் பெர்னால் போன்ற இடதுசாரி விஞ்ஞானிகளின் திட்டமிட்ட அறிவியலை எதிர்த்து 'அறிவியலில் சுதந்திரத்துக்கான சங்கம்' அமைத்தவர்களில் ஒருவர். 1974இல் இனங்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டு என்று வாதிட்டு 'இனம்' என்ற பெரிய புத்தகத்தையும் எழுதினார். வௌவாலுக்கு அவர் தந்த கவனத்தை மனிதருக்குத் தரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆய்வாளரின் அரசியல் கெட்டது என்பதற்காக அவருடைய வயலெலி பொய்யாகிவிடாது. ஆனால் விலங்கைப் பற்றி நுணுக்கமாகத் தெரிந்திருப்பது மனிதரைப் பற்றிய முன்முடிவிலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை என்பதற்கு அவரே சான்று.

4

இனி நம் ஊர். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூன் கடைசியில் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 53 நிமிடம். டிசம்பர் கடைசியில் மிகக் குறுகியது சுமார் 11 மணி 21 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டரை மணிக் கோடு இங்கே இந்த இரண்டுக்கும் இடையிலேயே விழுகிறது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நெய்தல் நிலம். நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியவை என்று நாற்கவிராச நம்பி சொல்வதை வகுப்பில் மனப்பாடம் செய்தபோது, தனக்கென ஒரு பருவம் இல்லாத நிலம் என்றுதான் புரிந்துகொண்டேன். அது தப்பு. ஆறு பருவத்தையும் பார்க்கிற நிலம் என்று படிக்க வேண்டும்.

இந்த ஒன்றரை மணியை ஒரு சிறு விலங்கால் படிக்க முடியுமா? நம் வீட்டு மூலைகளில் சுவரோரமாக ஓடுகிற மூஞ்சூறை எடுத்துக்கொள்வோம். விலங்கியல்படி அது எலியே இல்லை, பூச்சி தின்னும் வேறு குலம். கப்பல்களில் ஏறி இந்தியப் பெருங்கடல் கரைகளெங்கும் பரவி, பசிபிக்கில் குவாம் வரை போன துறைமுகவாசி. 1991இல் நான்சி வேய்ன், எமிலி ரிஸ்மன் இருவரும் வெப்பமண்டல அளவிலான பகல் வேறுபாடே மூஞ்சூறின் இனப்பெருக்க வளர்ச்சியைப் பாதிக்கிறது என்று காட்டினார்கள். நம் ஊர்ச் சின்ன வித்தியாசமும் சில உயிர்களுக்குப் போதும். காசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடநாட்டு அணிலில் பீனியல் சுரப்பியும் இனப்பெருக்க உறுப்புகளும் வருடம் முழுக்க எதிரெதிராக ஏறி இறங்குவதைப் பல ஆண்டுகள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழு செய்த வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். பருவத்தைப் பற்றியதல்ல அது, நாள்-கடிகாரத்தைப் பற்றியது. 1981இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று: இருண்ட குகைக்குள் கூண்டில் அடைபட்ட வௌவால்கள், வெளிச்சத்தைப் பார்க்காமலேயே, சுதந்திரமாகப் பறக்கும் தம் கூட்டத்தார் கிளம்பும் நேரத்தை வைத்துத் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன. சூரியன் எட்டாத இடத்தில் கூட்டமே கடிகாரம் ஆகிறது.

ஆனால் இங்கே பெரும்பாலான எலிகளுக்கு வெளிச்சத்தைவிட மழையும் தானியமும்தான் பெரிய செய்தி. வயலில் வரப்பெலி பெருகுவது நெல் பொதி கட்டிப் பால் பிடிக்கும் கட்டத்தை ஒட்டி. குட்டிகள் வளையை விட்டு வெளியே வரும்போது கதிர் முற்றியிருக்கும். பொன்னேரிப் பக்கத்து இருளர்களுக்கு இது யாரும் எழுதிக் காட்டவேண்டிய விஷயமில்லை. அறுப்பு முடிந்தபின் எந்த வளையில் நெல் இருக்கும், எதில் குட்டி இருக்கும் என்று மண்ணைப் பார்த்தே சொல்வார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் வாயில் பறியைக் கவ்விக்கொண்டு கையால் இறால் தடவுகிறவர்களும் அவர்கள்தான். அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டி அந்தக் கழிமுகம் மேடானபோது, ஒரு பருவ அறிவும் அதோடு புதைந்தது. அதற்கு யாரும் நட்ட ஈடு கணக்குப் போடவில்லை.

5

அப்படியானால் பருவமில்லாமல் பெற்றுக்கொண்டே இருக்கும் எலி எங்கே இருக்கிறது? இருக்கிறது. கிட்டங்கியில்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவைக் காப்பாற்ற பிரிட்டன் எலி ஆய்வில் இறங்கியது. அந்த வேலையிலிருந்து 1946இல் லாரி என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை, ஒரே இனச் சுண்டெலி வெவ்வேறு இடங்களில் எப்படிப் பெறுகிறது என்று ஒப்பிட்டது: நகரக் கட்டடங்கள், மாவுக் கிடங்குகள், தானியப் போர்கள், இறைச்சி வைக்கும் குளிர்கிடங்குகள். உறைநிலைக்குக் கீழே, இருட்டில், இறைச்சியை மட்டுமே தின்று வாழ்ந்த சுண்டெலிகளும் வருடம் முழுக்கக் குட்டி போட்டன. வெளிச்சம் தேவைப்படவில்லை, வெப்பம் தேவைப்படவில்லை. சேமிப்பு இருந்தது, போதும். 1968இல் கல்கத்தாவின் தானியக் கிட்டங்கிகளில் சிறு பெருச்சாளியை ஆராய்ந்த ஸ்பில்லெட் கண்டதும் இதுதான். வயலில் பயிரோடு ஏறி இறங்குகிற அதே இனம் கிட்டங்கிக்குள் ஆண்டு முழுவதும் பெற்றுக்கொண்டிருந்தது. துறைமுகங்களின் பழுப்பு எலியும் வீட்டுச் சுண்டெலியும் பொதுவாகப் பகல் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. மனிதச் சேமிப்பை ஒட்டி வாழ்கிறவற்றுக்கு வானத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் குறைந்துபோனது என்பதே ஆய்வாளர்கள் தரும் பொதுவான விளக்கம்.

1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. பிறகு துறைமுகம், சரக்குத் தளங்கள், வரிசை வரிசையாகக் கிட்டங்கிகள். அறுப்புக் காலத்தை இங்கே மூட்டை கட்டி வருடம் முழுக்க அடுக்கி வைத்தார்கள். விலை ஏறும்வரை பருவத்தை நிறுத்தி வைப்பதுதான் கிட்டங்கி. எலியின் பருவத்தை நிறுத்தியதும் அதே கைதான். ராயபுரத்தில் நாற்பது வருடம் மூட்டை தூக்கிய ஒரு பெரியவரிடம், எலி எந்த மாசம் அதிகம் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "எலிக்கு இன்னா நைனா சீசனு? மூட்ட வந்தா அதான் சீசனு." லாரியின் கட்டுரையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வெளிச்சமும் இப்போது சூரியனுடையது மட்டுமல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்டன் தீவில் ஒரு கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே வாழும் வாலபி என்ற சிறு கங்காரு வகை பகல் நீளத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றிக் குட்டி போடுவது. 2015இல் வெளியான ஆய்வு, தளத்தின் விளக்கொளியில் வாழும் வாலபிகளின் மெலடோனின் குறைந்து, குட்டி பிறப்பது சுமார் ஒரு மாதம் தள்ளிப்போவதைக் காட்டியது. சில கிலோமீட்டர் தள்ளிப் புதர்க்காட்டில் இருந்தவற்றுக்கு அப்படி ஆகவில்லை. மணலியின் தீச்சுடரும் துறைமுகத்தின் உயர்கோபுர விளக்குகளும் எரியும் இரவில் நான் இதைப் படித்தேன். அந்த வெளிச்சத்துக்குக் கீழே மூஞ்சூறு மட்டுமா இருக்கிறது? இரவு ஷிஃப்டு பார்க்கிற உடலில் சுரப்பதும் அதே மெலடோனின்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது, 2019இல் மறுபடி உறுதிசெய்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு, சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய நூறாவது ஆண்டில், மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. நம் பகலின் நீளத்தைச் சூரியன் தீர்மானிப்பதில்லை, சட்டமன்றம் தீர்மானிக்கிறது.

எலியோடு ஏழையைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்துக்குப் பிளேக் ஒரு பெரிய காரணம். 1896இல் பம்பாய்க்கு வந்த கொள்ளைநோய்க்காக 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் ரயில் பயணிகளுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து நாள்கணக்கில் கண்காணித்தார்கள். சென்னை நகரம் பெரும்பாலும் தப்பியது. ஏன்? கொழும்பில் வேலை பார்த்த ஃபேபியன் ஹிர்ஸ்ட் விடையின் முக்கியமான பகுதியைக் கண்டுபிடித்தார். கொழும்பிலும் சென்னையிலும் எலிகளின் மேல் இருந்தது பெரும்பாலும் வேறொரு தெள்ளுப்பூச்சி இனம், பிளேக்கை அவ்வளவாகப் பரப்பாத இனம். சேரிகளில் நடந்த சோதனை நகரத்தைக் காப்பாற்றியதைவிட, ஒரு தெள்ளுப்பூச்சி காப்பாற்றியது அதிகம்.

6

'எலி மாதிரி' என்ற வசைக்கு ஒரு நூலாசிரியர் உண்டு என்றால் அவர் மால்தஸ். விலங்குகள் உள்ளுணர்வின் உந்துதலால் பெருகுகின்றன, குட்டிக்கு உணவு கிடைக்குமா என்ற யோசனை அவற்றைத் தடுப்பதில்லை என்பது 1798இல் அவர் வைத்த வாதத்தின் அடித்தளம். அந்த யோசனை மனிதருக்கு உண்டு, ஏழைகளிடம் அது போதவில்லை என்று கட்டடம் எழும்பியது. 1880களிலேயே சென்னையில் மால்தூசியச் சங்கம் இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று குழந்தைக்கு மேல் பெறுவதை 'முன்யோசனையற்ற தாய்மை' என்ற பொருளில் பெயரிட்டார். அவரே பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். 1950களின் பிற்பகுதியில் கருத்தடை செய்துகொள்பவருக்குப் பணம் கொடுக்கும் முறைக்கு இந்த மாநிலமே நாட்டுக்கு முன்னோடி.

முன்யோசனையற்ற தாய்மை! வோலை நினைத்துப் பாருங்கள். குட்டி பிறக்கும்போது புல் முளைத்திருக்க வேண்டும் என்று இரவின் நீளத்தை அளந்து, அந்தக் கணக்கைக் கருவுக்கும் சொல்லிவிட்டுப் பெறுகிறாள். மால்தஸ் விலங்குக்கு இல்லை என்று சொன்ன அந்த யோசனை அவள் உடலிலேயே இருக்கிறது. அவள் கணக்கை நிறுத்துவது எப்போது? யாரோ மலைபோல் தானியத்தைக் குவித்து, அதைப் பூட்டி வைக்கும்போது. பருவமற்ற எலி வறுமையின் குறியீடு அல்ல, சேமிப்பின் குறியீடு. எலியோடு ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் கிட்டங்கி முதலாளியைத்தான் ஒப்பிட வேண்டும்.

மனிதப் பெருக்கத்துக்கு நம்மிடம் வேறு கணக்கு இருக்கிறது. சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக்கூடாது என்று ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைக்கிறோம். அது மெலடோனின் செய்கிற வேலை இல்லை, மாமியாரும் அம்மாவும் பேசி முடிக்கிற வேலை. அதில் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை என்பதும் உண்மை. பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பேசியபோது, நாட்டின் தலைக்கணக்குக்காகப் பேசவில்லை, பெண்ணின் விடுதலைக்காகப் பேசினார். வித்தியாசம் அங்கேதான். யாருடைய உடல், யாருடைய கணக்கு?

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. 2025 மார்ச்சில், தொகுதி மறுவரையறை அச்சத்தில், முதலமைச்சரே புதுமணத் தம்பதிகள் சீக்கிரம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடையில் கேட்டுக்கொண்டார். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, மீனின் இனப்பெருக்கக் காலம் என்பதால். மீனுக்குப் பருவம் உண்டு என்று அரசாணை போட்டு ஒப்புக்கொள்கிற நாடு இது. அந்த மீனைப் பிடிக்கிறவளுக்கு மட்டும் பருவமும் இல்லை, யோசனையும் இல்லை, எலி.

ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பம் ஏன் இருக்கிறது? அதிகம் பெற்றதால் இல்லை. பிள்ளைகள் கல்யாணம் கட்டிக்கொண்டபின் தனியாகப் போக வடசென்னையில் வாடகைக்கு வீடு கிடைக்காததால், வேலை இங்கேயே இருப்பதால். இதை அன்றைக்கே அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "எலிய இவரு எங்க பாத்தாராம்?" என்ற கேள்விக்கு எனக்கு இப்போது பதில் தெரியும், அக்கா. கிட்டங்கியில் பார்த்திருக்கிறார். பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கவில்லை.

பட்டியலில் அந்த மூன்று குடும்பமும் இன்னும் ஒரே குடும்பமாகத்தான் இருக்கிறது.